தகட்டில் முளைத்த காந்தம்

அமெரிக்காவின் ரோச்செஸ்டர் நகரில் ஒமேகா என்றொரு லேசர் இருக்கிறது. அதன் 60 கற்றைகளில் இரண்டை எடுத்து, தலைமுடியைவிட மெல்லிய பிளாஸ்டிக் தகட்டின்மேல் பக்கம்பக்கமாக இரண்டு புள்ளிகளில் பாய்ச்சினார்கள். பாய்ச்சியது ஒரு நானோ நொடிதான். நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு. அடிபட்ட இடங்கள் ஆவியாகி, அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்கள் பிய்ந்து, இரண்டு பிளாஸ்மாக் குமிழிகள் பொங்கின.

அருகில் காந்தம் எதையும் யாரும் வைக்கவில்லை. ஆனாலும் அங்கே பத்து லட்சம் காஸை ஒட்டிய காந்தப்புலம் உண்டாகிவிட்டது. மருத்துவமனை எம்.ஆர்.ஐ. கருவியில் வழக்கமாக இருப்பது 15,000 காஸ்.

இதன் சூட்சுமத்தை ஜெர்மானிய வானியற்பியலர் லுட்விக் பியர்மன் 1950இலேயே சொல்லிவிட்டார், விண்மீன்களை மனத்தில் வைத்து. தகட்டை விட்டு விலக விலக எலெக்ட்ரான் அடர்த்தி குறைகிறது. வெப்பமோ, புள்ளியின் நடுவிலிருந்து ஓரத்துக்குப் போகப் போகக் குறைகிறது. இரண்டு சரிவும் ஒரே திசையில் இருந்தால் ஒன்றும் நடக்காது. திசை வேறுபடுவதால் மின்னோட்டம் சுழலத் தொடங்கி, புள்ளியைச் சுற்றி வளையமாகக் காந்தப்புலம் முளைக்கிறது.

அடுத்தடுத்து இரண்டு செக்குகள். இரண்டிலும் மாடு ஒரே பக்கமாகத்தான் சுற்றுகிறது. ஆனால் இரு தடங்களும் நெருங்கும் இடத்தில் அவை எதிரெதிராக நடக்கும். இந்த வளையங்களும் அப்படித்தான். குமிழிகள் விரிந்து முட்டும்போது எதிரெதிர்க் கோடுகள் அறுந்து, ஒன்றின் முனை மற்றதோடு சேர்ந்துகொள்கிறது. இதுதான் காந்த மறுஇணைவு. புலத்தில் அடைந்திருந்த ஆற்றல் வெப்பமாகவும் வேகமாகவும் வெளிவருகிறது.

சூரியச் சீற்றத்துக்கும் இதுவே மூலம். அங்கேதான் சிக்கல். பீட்டர் ஸ்வீட்டும் யூஜின் பார்க்கரும் 1950களில் போட்ட கணக்குப்படி ஒரு சீற்றத்துக்கு மாதக்கணக்கில் ஆகவேண்டும். சூரியன் அதைச் சில நிமிடங்களில் முடித்துவிடுகிறது!

ஒமேகாவில், கண்ணுக்குத் தெரியாத இந்தப் புலத்தைப் படமெடுத்த விதம் அழகானது. வேறு கற்றைகளால் ஒரு சிறு கண்ணாடி உருண்டையை நசுக்கி, உள்ளே அணுக்கருப் பிணைவை நிகழ்த்தினார்கள். அதில் பிறந்த புரோட்டான்களை வலையொன்றின் வழியே குமிழிகளுக்குள் அனுப்பினார்கள். வலைக்கண்களின் நிழல் எவ்வளவு கோணியதோ, அதுவே புலத்தின் அளவு. 2007இல் வெளியான படங்களில், குமிழிகள் முட்டிய இடத்தில் அந்தக் கோணல் வெகுவாகக் குறைந்திருந்தது; மறுஇணைவின் அடையாளம் அது.

பிளாஸ்மா ஓட்டங்களை நேருக்கு நேர் மோதவிட்டால் கதை வேறு. ஓட்டம் இழை இழையாகப் பிரிந்து, ஒவ்வோர் இழையும் தனக்கென்று புலத்தைத் திரட்டிக்கொள்கிறது. எரிக் வைபல் 1959இல் கணித்த இந்த நிலையின்மையை ஒமேகாவிலேயே கண்டு 2015இல் அறிவித்தார்கள்.

ஒமேகாவின் குமிழிகளைக் குட்டிச் சூரியன் என்று சொல்லிவிட முடியாது. சூரியனின் மேல்வளியில் ஆட்சி காந்தப்புலத்தினுடையது. தகட்டின்மேலோ பிளாஸ்மாவின் அழுத்தமே ஓங்கி நிற்கிறது. புலக்கோடுகளை ஒன்றோடொன்று முட்டித் தள்ளுவதும் அதுதான்.