தோர் சாமி இடுப்பில் சாவிக்கொத்து!

இடி இடிக்க வைக்கிற சாமி ஒருத்தர். பெயர் தோர். ஆயுதம், சுத்தியல். ஒருநாள் கண் விழித்துப் பார்த்தால் சுத்தியலைக் காணோம்! லவட்டிக்கொண்டு போனவன் திரிம் என்ற அரக்கன். 'அழகி ஃப்ரேயாவை எனக்குக் கட்டி வையுங்க, தர்றேன்' என்றான். ஃப்ரேயா 'முடியவே முடியாது' என்றுவிட, வேறு வழியில்லாமல் தோரே மணப்பெண் வேஷம் கட்டினார். முகத்துக்குத் திரை, மார்பில் நகை, இடுப்பில் கலகலவென்று சாவிக்கொத்து!

விருந்தில் 'பொண்ணு' ஒரு முழு மாட்டையும் எட்டு சால்மன் மீன்களையும் காலி பண்ணியதில் மாப்பிள்ளை ஆடிப்போனது தனிக்கதை. நமக்கு வேண்டியது அந்தச் சாவிக்கொத்து.

இது வைக்கிங்குகளின் கதை. சுமார் 793 முதல் 1066 வரை ஐரோப்பாவின் கடலோரங்களைக் கலக்கிய வட நாட்டார். சினிமாவில் காட்டுகிற கொம்பு வைத்த தொப்பியெல்லாம் 19-ம் நூற்றாண்டு நாடக மேடைச் சரக்கு. நிஜத்தில் பெரும்பாலோர் மாடு மேய்த்து, பார்லி விதைத்த குடியானவர்கள். சனிக்கிழமைக்கு அவர்கள் வைத்த பெயரே 'குளியல் நாள்'. நம்ம சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் ஞாபகத்துக்கு வருகிறதா?

ஆம்பளைகள் கப்பலேறிப் போனால் திரும்ப மாதக்கணக்காகும். அதுவரை தானியம், கருவாடு, கம்பளி எல்லாவற்றுக்கும் வீட்டுக்காரிதான் பொறுப்பு. அந்தப் பொறுப்பின் அடையாளம் சாவி. பெண்களின் கல்லறைகள் சிலவற்றில் சாவியையும் சேர்த்தே புதைத்திருக்கிறார்கள்.

நம்ம பக்கம் மட்டும் என்ன வாழ்ந்தது? இடுப்பில் செருகிய கொத்துச்சாவியை மாமியார் எடுத்து மருமகளிடம் நீட்டினால் அது சாவி இல்லை, ஆட்சி மாற்றம்! 'சாவி எங்கிட்ட, பீரோ உங்கிட்ட' என்கிற கூட்டணி ஆட்சியும் பல வீடுகளில் நடந்ததுண்டு.

அந்த ஆட்சிக்குப் பூட்டு செய்து கொடுத்த ஊர் திண்டுக்கல். நூறு வருஷத்துக்கும் மேலான கைத்தொழில். மாங்காய் வடிவத்தில் மாங்காய்ப் பூட்டு, சாவியைத் திருப்பினால் மணியடித்துக் காட்டிக் கொடுக்கிற மணிப்பூட்டு என்று பல ரகம்.

வைக்கிங் பூட்டுக்கு உள்ளே விரிந்து நிற்கிற வில் தகடுகள். சாவியைச் செருகினால் தகடு சுருங்கி, பூட்டு கழன்றுவிடும். திண்டுக்கல் பூட்டில் சமாச்சாரமே வேறு. உள்ளே வரிசையாக லீவர்கள். ஒவ்வொன்றையும் சாவி சரியான உயரத்துக்குத் தூக்கினால்தான் திறக்கும். கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் ஊஹூம்! அந்த அளவுக்கு அரத்தால் ராவி எடுக்கிற கைதான் இந்தத் தொழிலின் மூலதனம்.

அந்தக் கைகள்தான் இப்போது குறைந்துகொண்டே வருகின்றன. அலிகாரிலிருந்து மெஷினில் செய்த பூட்டு மலிவாக வந்து குவிந்தது. நாள் முழுக்க ராவினாலும் கிடைக்கிற கூலி போதாமல், அப்பாவின் அரத்தைப் பிள்ளை தொடவில்லை. 1957-ல் தொழிலாளர்களுக்காகக் கூட்டுறவுச் சங்கம் வந்தது. 2019-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. 'திண்டுக்கல் பூட்டு' என்ற பெயரை இனி வேறு ஊர்க்காரர் போட்டுக்கொள்ள முடியாது. பெயருக்குப் பூட்டு போட்டாச்சு. ராவுகிற ஆளுக்கு எங்கே போவது?

1936-ல் ஸ்வீடனின் காட்லாந்து தீவில் ஒரு விவசாயி ஏர் ஓட்டும்போது மரப்பெட்டி ஒன்று தட்டுப்பட்டது. ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய தொழிலாளி ஒருவரின் பெட்டி. உள்ளே சுத்தியல், அரம், பூட்டு, சாவி என்று இருநூறு சாமான்கள். இன்று எல்லாமே மியூசியத்தில். அந்தத் தொழிலாளியின் பெயர்கூட யாருக்கும் தெரியாது.

திண்டுக்கல் அரங்கள் இன்னும் மியூசியத்துக்குப் போகவில்லை. அடுத்த முறை அந்தப் பக்கம் போகிறவர்கள் பிரியாணி சாப்பிட்ட கையோடு ஒரு மாங்காய்ப் பூட்டும் வாங்கி வாருங்கள். சாவி யார் இடுப்பில் என்பதை வீட்டில் பேசி முடிவு பண்ணிக்கொள்ளுங்கள். அதில் நாங்கள் தலையிடுவதாக இல்லை!