கோச்சடையானின் முகம்

2014 மே 23 அன்று வெளியான 'கோச்சடையான்', நடிகரின் அசைவைப் பதிவுசெய்து கணினி உருவத்துக்கு ஏற்றும் மோஷன் கேப்சர் முறையில் இந்தியாவில் முதலில் எடுக்கப்பட்ட முழுநீளப் படம். இயக்கம் சௌந்தர்யா ரஜினிகாந்த், கதை கே.எஸ்.ரவிகுமார். ரசிகர்களின் விவாதம் கதையைவிட நாயகன் ரஜினிகாந்தின் முகத்தைச் சுற்றியே நடந்தது. உடலில் ஒட்டிய குறிகளைக் கேமராக்கள் பின்தொடர்வதால் நடையும் வாள்வீச்சும் ஓரளவு எளிதாகக் கைகூடும். கண்ணோரச் சுருக்கமும் உதட்டு நெளிவும் அப்படி அகப்படுவதில்லை. அவற்றை மெருகேற்றப் பணமும் காலமும் வேண்டும். இதே முறையைக் கையாண்ட ஹாலிவுட்டின் 'அவதார்', 'டின்டின்' படங்களுக்கு அவை தாராளமாகவே கிடைத்தன. ரஜினியின் ஒவ்வொரு முகபாவமும் மனப்பாடமான கூட்டத்துக்கோ சிறு விறைப்பும் உறுத்தியது. முதல் முயற்சிக்குச் சலுகை தர வேண்டும் என்றார்கள் ஆதரவாளர்கள்; டிக்கெட்டில் சலுகை இல்லையே என்பது நியாயமான பதில்தான். 2009-இல் மறைந்த நகைச்சுவை நடிகர் நாகேஷை மீண்டும் திரையில் உயிர்ப்பித்தது தனித்த துணிச்சல்.

அமெரிக்காவில் அனிமேஷன் படங்களை முன்வைத்து ரசிகர்கள் போடும் சண்டை மூலக்கதையைப் பற்றியதாகவும் இருப்பதுண்டு. 1988-இல் வந்த பேட்மேன் காமிக்ஸ் 'தி கில்லிங் ஜோக்' 2016-இல் அனிமேஷன் படமானபோது, நீளம் போதாமல் முன்பகுதியில் சேர்த்த பேட்கேர்ள் கதையே ரசிகர்களைக் கொதிக்க வைத்தது.