எரிகிறதா, குத்துகிறதா?

இரவு ஷிப்ட் முடிந்து, ஓசூர் சிப்காட்டிலிருந்து ஒரு பெண் வீடு திரும்புகிறாள் என்று வைத்துக் கொள்ளுங்கள். வந்ததும் ஈரத் துணியைப் பாதங்களில் சுற்றிக் கொண்டு உட்காருகிறாள்.

"கால் நெருப்பாய் எரியுது, அத்தை!"

மாமியார் தொட்டுப் பார்க்கிறார். கால் சில்லென்று இருக்கிறது! காயமில்லை, வீக்கமில்லை. 'வேலைக்குப் போகாமல் இருக்க இது ஒரு சாக்கோ?' என்று அவர் நினைத்தால், அவரைக் குறை சொல்ல முடியுமா?

ஆனால், அந்தப் பெண் சொல்வது முழு உண்மை.

நோயை எதிர்க்க வேண்டிய சக்தி, காவல்காரன் வீட்டுக்காரரையே அடிப்பது போல, சொந்த உடம்பையே தாக்குவதுண்டு. முடக்குவாதம், லூப்பஸ், கண்ணும் வாயும் உலர்ந்து போகும் ஷோக்ரன் நோய் எல்லாம் அந்த இனந்தான். முடக்குவாதம் ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். மூட்டு வீங்கினால் எல்லோருக்கும் தெரிகிறது. நரம்பு கெட்டால் யாருக்குத் தெரியும்? மணிக்கட்டு வீங்கி அங்குள்ள நரம்பை நசுக்கலாம். நரம்புக்குப் போகும் ரத்தக் குழாய் அழற்சி கண்டு அடைபடலாம். தோலுக்கடியில் உள்ள நுண்ணிய நரம்பு நுனிகள் பழுதாகலாம். இந்தக் கடைசி வகையில், மின்சாரம் பாய்ச்சிச் செய்யும் நரம்புப் பரிசோதனை கூட 'கோளாறு இல்லை' என்று காட்டிவிடும்!

ஆகவே டாக்டருக்கு முக்கியமான சாட்சி, நோயாளியின் சொல்தான். மூன்று பாஷைகள் புழங்கும் ஓசூரில் இதிலும் ஒரு சங்கடம். கன்னடத்தில் 'உரி' என்றால் எரிச்சல். தமிழ்க் காதுக்கோ தோல் உரிகிறதென்று கேட்கும். மரத்துப் போவதைக் கன்னடத்தார் 'ஜோமு' என்பார்கள். தெலுங்கர் 'திம்மிரி' என்பார்கள். வெறுமே 'வலி' என்றால் மூட்டு வலி மாத்திரைதான் கிடைக்கும். எரிகிறதா, ஊசி குத்துகிறதா, மரத்துப் போகிறதா, போர்வை பட்டாலே நோகிறதா, இரவில் கூடுகிறதா என்று பிரித்துச் சொல்ல வேண்டும். சர்க்கரை, தைராய்டு, பி-12 குறைவு ஆகியவற்றாலும் இப்படி வரும் என்பதால் ரத்தப் பரிசோதனையும் அவசியம்.

சாதாரண வலி மாத்திரைக்கு நரம்பு வலி பெரும்பாலும் மசியாது. 1961-ல் மனச்சோர்வுக்காக வந்த அமிட்ரிப்டிலின், வலிப்புக்காக வந்த கேபபென்டின் போன்றவற்றை டாக்டர் கொடுப்பார். மருந்துக் கடையில் "இது மனசுக்கான மாத்திரை" என்று கேட்டதும், "எனக்கென்ன பைத்தியமா?" என்று பலர் நிறுத்திவிடுகிறார்கள். வேண்டாம்! வலிச் செய்தி மூளைக்கு ஏறுவதை அவை தணிக்கின்றன, அதற்கே கொடுக்கப்படுகின்றன. தூக்கம் வரவழைக்கக் கூடியவை என்பதால், யந்திரத்தருகே வேலை, இரவு ஷிப்ட், ஸ்கூட்டர் ஓட்டுவது எல்லாவற்றையும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். மூல நோய்க்கான மருந்தை விட்டுவிடக் கூடாது. முக்கியமாக ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. முடக்குவாதத்துக்கான மெத்தோட்ரெக்சேட் வாரம் ஒரு முறைதான். தினமும் தின்றால் உயிருக்கே உலை வைக்கும்.

கால் திடீரென்று தளர்ந்தாலோ, பாதம் தொங்கினாலோ, சிறுநீர் நின்றாலோ, மூச்சு முட்டினாலோ, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஓசூரிலிருந்து சுமார் 40 கிலோ மீட்டரில் உள்ள பெங்களூரில், ஓசூர் சாலையிலேயே, 1974-ல் உருவான நிம்ஹான்ஸ் இருக்கிறது. கிருஷ்ணகிரியில் 2022-ல் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. வீடு தேடி வந்து உடற்பயிற்சி சிகிச்சையும் தரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்டில் தொடங்கி வைக்கப்பட்டதும் இம்மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான்.

சுமார் 3,000 அடி உயரத்தில் உள்ள ஓசூரின் மார்கழிக் குளிரில் கை கால்களை மூடி வைப்பது நல்லது. மரத்த காலுக்கு வெந்நீர் ஒத்தடம் மட்டும் ஜாக்கிரதை, சுட்டாலும் தெரியாது.

இத்தனைக்கும் முதல் மருந்து வீட்டில்தான் இருக்கிறது. "ஒன்றும் தெரியவில்லையே" என்று சொல்லாமல், "எப்படி வலிக்கிறது, கண்ணு?" என்று கேட்டுப் பாருங்கள். அவள் சொல்லும் பதிலை டாக்டரிடம் அப்படியே சொன்னால், சிகிச்சையில் பாதி வழி கடந்த மாதிரிதான்!