மஞ்சளும் பெருங்குடல் அழற்சியும்

பொம்மனஹள்ளிக் கடைகளில் மஞ்சள்தூள் கிடைக்காமலில்லை. ஆயினும் ஊர் சென்று திரும்பும் நம்மவர் மூட்டையில் ஈரோட்டு மஞ்சள் ஒரு பொட்டலமேனும் இருக்கும். அம்மஞ்சளே குடல் நோயைத் தீர்த்துவிடும் என்னும் பேச்சு இப்போது வீடுதோறும் உலவுவதால், அதனைச் சற்று ஆராயப் புகுந்தோம்.

உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றலே பெருங்குடலைத் தாக்கிப் புண்படுத்துவது பெருங்குடல் அழற்சி. இரத்தமும் சீதமும் கலந்து வாரக்கணக்கில் பேதியாகும். புண்பட்ட இடத்தில் பிராணவாயுவிலிருந்து பிறக்கும் கடுமையான இரசாயனத் துணுக்குகள் பெருகித் திசுக்களை மேலும் கெடுக்கின்றன. அவற்றை அடக்கும் பொருளை ஆக்சிஜனேற்றத் தடுப்பான் என்பர். மஞ்சளின் நிறப்பொருளாகிய குர்க்குமின் அவ்வகையினது.

ஜப்பானில் நோய் தணிந்திருந்தவர்களுக்கு, வழக்கமான மருந்துடன் நாள்தோறும் 2 கிராம் குர்க்குமின் ஆறு மாதம் கொடுத்துப் பார்த்தனர். அதன் முடிவு 2006-இல் வெளியாயிற்று. குர்க்குமின் உண்ட 43 பேரில் இருவருக்கே நோய் திரும்பிற்று. போலி மாத்திரை உண்ட 39 பேரில் எண்மருக்குத் திரும்பிற்று. ஆனால் புதுதில்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் நாளொன்றுக்கு 450 மில்லிகிராம் கொடுத்துச் செய்த சோதனையில் பயன் காணவில்லை. அது வெளியானது 2017-இல்.

நூறு கிராம் மஞ்சள்தூளில் குர்க்குமின் சுமார் மூன்று கிராமே. இரண்டு கிராம் பெற அறுபது கிராமுக்கு மேல் தூள் வேண்டும். நம் குழம்பில் விழும் அரைத் தேக்கரண்டி எங்கே, அது எங்கே!

மிளகின் கதை நமக்கு அண்டை வீட்டுக் கதை. கோரமங்கலத்துச் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியார் 1998-இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2 கிராம் குர்க்குமினுடன் மிளகின் காரப்பொருள் 20 மில்லிகிராம் சேர்ந்தால், குர்க்குமின் இரத்தத்தில் சேர்வது இருபது மடங்காகிறது. பாலில் மஞ்சளோடு மிளகும் தட்டிப்போட்ட பாட்டிமாரை நினைத்துக்கொண்டோம். எனினும் உறிஞ்சப்படாமல் தங்கும் குர்க்குமின் குடற்சுவரை நேரே தொடுவதால், இந்நோய்க்கு மிளகு கட்டாயமென்று கூறுவதற்கில்லை. மிளகுச் சத்துப் பிற மருந்துகளின் அளவையும் இரத்தத்தில் மாற்றவல்லது. செறிவூட்டிய மஞ்சள் மாத்திரைகளால் ஈரல் பழுதுற்றவர்களும் உண்டு.

நம்மை உறுத்துவது வேறொன்று. விடுப்பெடுத்தால் ஒருநாள் கூலி போய்விடுமென்று அஞ்சி, மலத்தில் இரத்தம் கண்டும் மூலச்சூடு என்றே கருதி, மோரும் வெந்தயமுமாக மாதங்களைக் கழிக்கின்றனர் நம் ஆலைத் தொழிலாளர் சிலர். குடற்காசமும் குடல் அழற்சி போலவே தோன்றலாம். இரண்டுக்கும் மருத்துவம் வேறு. குழாய்க் கருவியால் குடலின் உள்ளே பார்த்துத் திசுவைச் சோதித்தே பிரித்தறிவர். நோய் தணிந்ததும் மாத்திரையை நிறுத்திவிட்டு மஞ்சளை மட்டும் நம்புவோர்க்கு அது மீண்டும் சீறுவதுண்டு. ஜப்பானியர் குர்க்குமின் கொடுத்ததும் மருந்தோடு சேர்த்தேயன்றி அதற்கு மாற்றாக அன்று. மஞ்சள் மாத்திரை உண்போர் மருத்துவரிடம் செல்லும்போது அப்புட்டியையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுக.