விகிதாசாரப் பிரதிநிதித்துவம்: தங்கவயல் தமிழருக்குக் கைகொடுக்கும் முறை எது?

புதுடில்லி: தொகுதி மறுவரையறை குறித்த விவாதம் தலைநகரில் எழும்போதெல்லாம், விகிதாசாரப் பிரதிநிதித்துவக் கோரிக்கையும் உடன் தலைதூக்குகிறது. பெற்ற ஓட்டுகளுக்கும் கிடைத்த இடங்களுக்கும் உள்ள இடைவெளியே இக்கோரிக்கையின் வேர். தமிழகத்தில் 2014 லோக்சபா தேர்தலில் 23 சதவீதத்திற்கும் மேல் ஓட்டு வாங்கிய தி.மு.க.,வுக்கு ஓர் இடம்கூடக் கிட்டவில்லை. கர்நாடகத்தில் 2018 சட்டசபைத் தேர்தலில் 38 சதவீதம் பெற்ற காங்கிரசைப் பின்னுக்குத் தள்ளி, 36 சதவீதம் பெற்ற பா.ஜ., 104 இடங்களைப் பிடித்தது.

ஆனால், விகிதாசாரம் என்பது ஒரே முறை அன்று. எந்த வகையைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதைப் பொறுத்தே பயன் பெறுவோர் மாறுவர். பெரிய கட்சிகளின் கணக்கை மட்டும் பார்த்தால் இது விளங்காது. கோலார் தங்கவயலை உரைகல்லாகக் கொள்ளலாம்.

வடக்கே பாலகாட் முதல் தெற்கே மாரிக்குப்பம் வரை நீளும் இச்சுரங்கப் பகுதியில், தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்கின்றன. முதல் பொதுத்தேர்தலில் இது இரட்டை உறுப்பினர் தொகுதி. கம்யூனிஸ்ட் ஒருவரும், அம்பேத்கர் நிறுவிய ஷெட்யூல்டு வகுப்பினர் சம்மேளனத்தைச் சேர்ந்த ஒருவரும் இங்கிருந்து சட்டசபைக்குச் சென்றனர். வாக்காளருக்கு இரண்டு ஓட்டுகள் உண்டு. இரண்டையும் ஒருவருக்கே போட இயலாது. இதுவும் விகிதாசாரம் அன்று எனினும், ஒரே ஊரின் இரு அரசியல் குரல்களுக்கு இடமிருந்தது. இரட்டை உறுப்பினர் தொகுதிகளை 1961ம் ஆண்டுச் சட்டம் ஒழித்தது.

அதன் பின்னரும் தங்கவயல் தன் போக்கிலேயே நடந்தது. 1985ல் மார்க்சிஸ்ட், 1989லும் 1999லும் அ.தி.மு.க., 1994லும் 2004லும் இந்தியக் குடியரசுக் கட்சி வென்றன. கர்நாடகத்தின் பிற பகுதிகளில் செல்வாக்கற்ற கட்சிகள் இங்கு வென்றதற்கு, ஆதரவாளர் ஒரே இடத்தில் திரண்டிருந்ததே காரணம். ஒற்றை உறுப்பினர் முறை இத்தகைய சிறுபான்மைக்கு உதவவும் செய்யும் என்பதை அதன் எதிர்ப்பாளர்கள் எளிதில் மறந்துவிடுகின்றனர்.

அந்த உதவி எல்லைக்கோட்டைப் பொறுத்தது. 2001ல் தங்கச் சுரங்கங்கள் மூடப்பட்டன. 2008ல் தொகுதி மறுசீரமைப்பின்படி பேத்தமங்கலா தொகுதி நீக்கப்பட்டு, அதன் கிராமங்கள் பல தங்கவயலுடன் சேர்ந்தன. அவ்வாண்டும் 2013லும் பா.ஜ.,வும், 2018லும் 2023லும் காங்கிரசும் வென்றன. பழைய கட்சிகள் எதுவும் மீண்டு வரவில்லை.

இனி, மாற்று முறைகளைப் பொருத்திப் பார்ப்போம்.

சட்டக் கமிஷன் 1999ல் அளித்த 170வது அறிக்கை, லோக்சபா இடங்களை 25 சதவீதம் உயர்த்தி, கூடுதல் இடங்களைக் கட்சிப் பட்டியல் மூலம் நிரப்ப யோசனை கூறியது. 5 சதவீத ஓட்டுக்கும் குறைவாகப் பெறும் கட்சிகளுக்கு இடமில்லை என்றும் கூறியது. அத்தகைய தடுப்புடன் மாநிலம் முழுமைக்கும் ஒரே பட்டியல் வந்தால், தங்கவயலை மட்டுமே நம்பியுள்ள கட்சி வாசலிலேயே நின்றுவிடும்.

இலங்கையில் பட்டியல் மாவட்ட அளவிலானது. தடுப்பு வரம்பும் மாவட்டத்திற்குள்ளேயே கணக்கிடப்படுகிறது. வாக்காளர் கட்சிக்கு ஓட்டளித்து, அதன் வேட்பாளரில் மூவர் வரை விருப்பு வாக்கும் அளிக்கலாம். நுவரெலியாவில் மலையகத் தமிழ்த் தலைவர்கள் பெரிய கட்சிகளின் பட்டியலில் இடம்பெற்று, விருப்பு வாக்கால் பார்லிமென்ட் சென்றுள்ளனர். இடம் கிடைக்கிறது, ஆனால், பட்டியலைத் தயாரிக்கும் கட்சியின் தயவும் வேண்டியிருக்கிறது.

மூன்றாவது, ராஜ்யசபா தேர்தலில் நாம் அறிந்த ஒற்றை மாற்று ஓட்டு முறை. கர்நாடகத்தில் நான்கு இடங்களுக்கு 224 எம்.எல்.ஏ.,க்கள் ஓட்டளித்தால், ஒருவர் வெல்ல 45 பேரின் ஆதரவு தேவை. இதையே ஆறு தொகுதிகள் கொண்ட கோலார் மாவட்டத்திற்குப் பொருத்தினால், செல்லும் ஓட்டுகளில் ஏழில் ஒரு பங்கைவிட ஓர் ஓட்டு கூடுதலாகப் பெற்றவர் வெற்றி பெறுவார். 7 லட்சம் ஓட்டுகள் பதிவானால் 1,00,001. தங்கவயலின் மொத்த ஓட்டே ஏறக்குறைய அந்த அளவில்தான் இருக்கும். அதில் பாதியைப் பெறும் கட்சி தனித்து வெல்ல முடியாது. குடியரசுக் கட்சி, அ.தி.மு.க., கம்யூனிஸ்ட் ஆதரவாளர்கள் தம் இரண்டாம், மூன்றாம் விருப்பங்களை ஒருவருக்கொருவர் வழங்கினால், ஓர் இடம் எட்டும் தொலைவில் வரும். பங்காரபேட்டைத் தமிழரின் ஓட்டும் அப்போது வீணாகாது.

தடைகளும் உண்டு. மாவட்டத்தின் ஆறில் தங்கவயல், முல்பாகல், பங்காரபேட்டை ஆகிய மூன்றும் தாழ்த்தப்பட்டோருக்கான தனித் தொகுதிகள். பல உறுப்பினர் தொகுதியில் இந்த ஒதுக்கீட்டைக் காக்கத் தனி விதி வகுத்தாக வேண்டும். 1949 ஜனவரியில் அரசியல் நிர்ணய சபையில் இம்முறையைக் கோரிய திருத்தத்தை அம்பேத்கர் ஏற்கவில்லை. எழுத்தறிவின்மையும், நிலையான அரசு அமையாது என்ற அச்சமும் அவர் காட்டிய காரணங்கள். முதல் காரணம் இன்று பெரிதும் வலுவிழந்துவிட்டது. இரண்டாவதற்கு ஆதரவாளர்கள் இன்னும் தெளிவான விடை கூறவில்லை.