கடன், லாபத்தைப் போல எத்தனை மடங்கு?

ஓர் ஊடக நிறுவனத்துக்கு இத்தனை ஆயிரம் கோடி கடன் என்று கேட்ட மாத்திரத்தில் அது தாங்கக்கூடியதா என்று சொல்லிவிட முடியாது. அந்தக் கடன் ஆண்டு லாபத்தைப் போல எத்தனை மடங்கு என்று பார்க்க வேண்டும். மொத்தக் கடனில் ரொக்கக் கையிருப்பைக் கழித்தால் நிகரக் கடன். வட்டி, வரி, தேய்மானம் ஆகியவற்றைக் கழிக்கும் முன் இருக்கும் லாபம் எபிட்டா. முன்னதைப் பின்னதால் வகுத்து வரும் எண்ணே கடன் விகிதம்.

2022 ஏப்ரலில் வார்னர்மீடியாவும் டிஸ்கவரியும் இணைந்து வார்னர் பிரதர்ஸ் டிஸ்கவரி ஆனபோது, புதிய நிறுவனத்தின் தலையில் ஏறத்தாழ 5,500 கோடி டாலர் கடன் இருந்தது. விகிதத்தை 3-க்குள் கொண்டுவருவது நிர்வாகத்தின் இலக்கு. கடனை அது விடாமல் அடைத்தும் வந்தது.

2023 இறுதியில் கடன் 4,420 கோடி, ரொக்கம் 430 கோடி, ஆண்டு எபிட்டா 1,020 கோடி; விகிதம் 3.9. ஓராண்டு கழித்து கடன் 3,950 கோடியாக இறங்கியது, ரொக்கம் 530 கோடியாக ஏறியது. நிகரக் கடனில் 570 கோடி டாலர் குறைந்தும் விகிதம் 3.8-இல்தான் நின்றது. காரணம், எபிட்டா 900 கோடியாகச் சுருங்கிவிட்டது. பழைய லாபமே நீடித்திருந்தால் விகிதம் 3.4-ஐ ஒட்டி வந்திருக்கும். ஊடகத் துறையில் கடனைவிட லாபத்தின் போக்கையே முதலில் கவனிக்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு வேண்டியதில்லை.

லாபம் சரிந்ததற்குப் பல காரணங்கள். அமெரிக்க வீடுகள் கேபிள் இணைப்பைத் துண்டித்துக்கொண்டே போகின்றன. சந்தாவும் விளம்பரமும் சேர்ந்தே குறைகின்றன. 'பார்பி' படமும் 'ஹாக்வார்ட்ஸ் லெகசி' விளையாட்டும் வெளியான 2023-க்கு ஈடான வெற்றி மறு ஆண்டு ஸ்டூடியோவுக்கு வாய்க்கவில்லை. ஸ்ட்ரீமிங் பிரிவின் லாபம் கூடியும் இந்தப் பள்ளம் நிரம்பவில்லை.

எபிட்டாவிலும் ஒரு சிக்கல் உண்டு. படம் எடுக்கச் செலவான பணம் அந்த ஆண்டிலேயே முழுச் செலவாகக் கணக்கில் ஏறாது. பல ஆண்டுகளுக்குப் பிரித்து எழுதப்படும். அதனால் தயாரிப்பு மும்முரமான காலத்தில் எபிட்டா காட்டுவதைவிடக் கையில் மிஞ்சும் பணம் குறைவாக இருக்கும். 2023-இல் எழுத்தாளர்களும் நடிகர்களும் வேலைநிறுத்தம் செய்தபோது நேர்மாறாக நடந்தது: படப்பிடிப்புகள் நின்றதால் செலவு தள்ளிப்போய், கடன் அடைக்க ரொக்கம் கூடுதலாகக் கிடைத்தது. ஆகவே விகிதத்தோடு ரொக்க வரவையும் சேர்த்துப் படிப்பதே சரி.

தவணையும் வட்டியும் எப்படி அமைந்துள்ளன என்பதை விகிதம் காட்டாது. 2008-இல் கடன் வாங்கியே கைமாற்றப்பட்ட வானொலி நிறுவனமான ஐஹார்ட்மீடியா, வட்டியைத் தாங்க முடியாமல் 2,000 கோடி டாலருக்கு மேற்பட்ட கடனோடு 2018 மார்ச்சில் திவால் மனு தாக்கல் செய்தது. வார்னரின் கடனில் பெரும்பகுதி நிலையான வட்டியில், நீண்ட தவணையில் வாங்கியது. அதனால் அதற்கு அவகாசம் கிடைத்தது. ஆனாலும் கேபிள் தொலைக்காட்சியின் சரிவைக் கண்டு, 2025 மே மாதம் தர மதிப்பீட்டு நிறுவனமான எஸ் அண்ட் பி அதன் கடன் தரத்தை முதலீட்டுத் தகுதிக்குக் கீழே, 'ஜங்க்' நிலைக்கு இறக்கியது. அந்த நிலையில் உள்ள பத்திரங்களைப் பல ஓய்வூதிய, காப்பீட்டு நிதிகள் தொடுவதில்லை. புதிதாகக் கடன் வாங்கக் கூடுதல் வட்டி தர வேண்டியிருக்கும்.