கண்ணுக்குத் தெரியாத டயாட்டம்.. பெயரைச் சரியாகச் சொல்ல துளைகளை எண்ணுவது ஏன்?

1987-ம் ஆண்டின் கடைசி மாதங்கள். கனடாவில் மஸ்ஸல் என்ற சிப்பியைச் சாப்பிட்ட நூற்றுக்கும் மேற்பட்டோருக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு. சிலருக்கு நினைவாற்றலே பறிபோனது. குறைந்தது 3 பேர் உயிரிழந்தனர்.

அந்தச் சிப்பிகள் பிரின்ஸ் எட்வர்ட் தீவிலிருந்து வந்தவை. அவற்றில் இருந்தது டோமோயிக் அமிலம் என்ற நஞ்சு. சமைத்தாலும் இது அழியாது. இதைத் தயாரித்தது கடலில் மிதக்கும் ஒரு டயாட்டம். டயாட்டம் இப்படி ஒரு நஞ்சைத் தயாரிக்கும் என்பதே அப்போதுதான் தெரிய வந்தது.

டயாட்டம்னா என்ன?

ஒரே செல் கொண்ட நுண்பாசி. கண்ணாடியில் இருக்கும் அதே சிலிக்காவால் ஆன ஓடு இதற்கு உண்டு. டிபன் பாக்ஸும் மூடியும் போல இரண்டு பாதிகள் ஒன்றோடொன்று பொருந்தியிருக்கும். ஓட்டில் வரி வரியாக நுண்துளைகள். இந்தத் துளைகளின் அமைப்பை வைத்துத்தான் பல இனங்களைப் பிரிக்கிறார்கள்.

சரி, இதில் என்ன சிக்கல்?

கனடாவில் சிக்கிய டயாட்டத்துக்கு, அதே தோற்றத்தில் ஒரு சொந்தக்காரர் உண்டு. பெயர் 'பஞ்சென்ஸ்'. இது பெரும்பாலும் நஞ்சில்லாதது. நஞ்சு தயாரித்ததோ 'மல்டிசீரிஸ்'. கடல்நீர்த் துளியைச் சாதாரண நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி ஊசி வடிவில் தெரியும்.

வித்தியாசம் தெரிய, அமிலம் ஊற்றி செல்லின் உள்ளடக்கத்தை நீக்கி, ஓட்டை மட்டும் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். பஞ்சென்ஸில் இரு விலா வரிகளுக்கு நடுவே வழக்கமாக 2 வரிசை பெரிய துளைகள். மல்டிசீரிஸில் 3 அல்லது அதற்கு மேற்பட்ட வரிசைகளில் சின்னத் துளைகள். 'பல வரிசை' என்பதுதான் அந்தப் பெயரின் அர்த்தமே!

பெயர் ஏன் மாறியது?

இந்த வேறுபாட்டை நார்வே விஞ்ஞானி கிரேத்தே ஹாஸ்லே 1960-களிலேயே கவனித்திருந்தார். ஆனால் அப்போது மல்டிசீரிஸ், 'நிட்சியா பஞ்சென்ஸ்' இனத்தின் ஒரு வடிவமாக மட்டுமே வைக்கப்பட்டது. 1994-ல் 'சூடோ-நிட்சியா' தனிப் பேரினம் என்று அவர் நிறுவினார். 1995-ல் 'சூடோ-நிட்சியா மல்டிசீரிஸ்' தனி இனமானது. அதனால் 1987 சம்பவம் பற்றிய பழைய ஆய்வுகளில் வேறு பெயர் இருக்கும். உயிரி ஒன்றுதான்.

யார் வேண்டுமானாலும் பெயர் வைக்கலாமா?

வைக்கலாம், ஆனால் விதிகள் உண்டு. பாசி, பூஞ்சை, தாவரங்களுக்கான சர்வதேச பெயரிடல் விதிப்படி விளக்கத்தை வெளியிட வேண்டும், ஆதார மாதிரியைக் குறிப்பிட வேண்டும். பாசிகளுக்கு 2011 வரை லத்தீன் விளக்கம் கட்டாயம். 2012 முதல் ஆங்கிலமும் போதும்.

இப்போது டிஎன்ஏ-வும் ஒப்பிடப்படுகிறது. ஒரே இனம் என்று நினைத்தவை பலவாகப் பிரிந்துள்ளன. சூடோ-நிட்சியாவில் மட்டும் இன்று 50-க்கும் மேற்பட்ட இனங்கள். ஏறக்குறைய பாதி நஞ்சு தயாரிக்கக் கூடியவை.

இதனால் நமக்கு என்ன?

கனடா, அமெரிக்கா, ஐரோப்பாவில் ஒரு கிலோ சிப்பி இறைச்சியில் டோமோயிக் அமிலம் 20 மில்லிகிராமைத் தாண்டினால் விற்க முடியாது. கடல்நீரில் எந்த டயாட்டம் பெருகுகிறது என்று சரியான பெயரோடு தெரிந்தால், சிப்பியில் நஞ்சு ஏறும் முன்பே உஷாராகலாம். பெயர் தப்பானால் ஆபத்தில்லாத பண்ணையை மூடவும் நேரிடும், ஆபத்தான சிப்பி தட்டுக்கு வரவும் நேரிடும்.